கண்ணால் பார்க்கச் சொன்னவர்

அவருடைய வலது கைச் சுண்டுவிரலில் மட்டும் நகம் நீளமாக இருக்கும். மற்ற ஒன்பது விரல்களிலும் ஒட்ட வெட்டியிருப்பார். காருக்குள் இருக்கிற சின்னச் சின்ன பிளாஸ்டிக் கொக்கிகளை இரும்பால் நெம்பினால் உடைந்துவிடும் என்று, அந்த ஒரு நகத்தை உள்ளே கொடுத்துத்தான் கிளப்புவார். கிளப்பும்போது நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொள்வார். கொக்கி 'டக்' என்று விடுபட்டதும் நாக்கும் உள்ளே போகும்.

செட்டிபாளையத்தில், பெரிய வீதியோரம், ஒரு பூவரச மரத்துக்குக் கீழே தகரக் கொட்டில் போட்டிருந்தார். வாகனங்களுக்கு வயர் வேலை மட்டும்தான் செய்வார். லைட், ஹோர்ன், சிக்னல், பற்றரி. கைவேலைக்காரரைப் பாஸ் என்பது எங்கள் பக்கத்து வழக்கம், எல்லாரும் அவரை வயரிங் பாஸ் என்பார்கள். நானும் பாஸ் என்றுதான் கூப்பிட்டேன். ஆறு வருடம் பழகியும் அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தபோதுதான் முதல் தடவையாக முழுப் பெயரையும் கேட்டேன். அதை இங்கே எழுத மனமில்லை.

எனக்கு வீடு கல்லடியில். படிப்பிப்பது பழுகாமத்தில், கணிதம். தினமும் காலையில் கடலோர வீதியால் தெற்கே போய், வாவிக்கு மேலுள்ள பாலத்தால் மேற்கே திரும்பிப் படுவான்கரைக்குப் போக வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போய் வந்தால் வீட்டுக்கு வரும்போது ஆளே இருக்க மாட்டேன். அதனால்தான் இருபது வருடப் பழசான ஒரு சின்ன வெள்ளைக் காரை வாங்கி, நாற்பது வயதில் ஓட்டப் பழகினேன்.

கார் வாங்கி இரண்டாவது மாதம், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு ஓட்டோவுக்கு ஹோர்ன் அடித்தேன். அடித்த ஹோர்ன் நிற்கவில்லை. கையை எடுத்த பிறகும் கத்திக்கொண்டே இருந்தது. வீதியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள், சிலர் சிரித்தார்கள். பக்கத்து இருக்கையில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிரதி அதிபர் இருந்தார். அவர் காட்டிய கொட்டிலுக்குப் பக்கத்தில் காரை ஏற்றி நிறுத்தினேன். காக்கிக் காற்சட்டையும் பனியனும் போட்ட ஒரு மெலிந்த மனிதர் வந்தார். காதில் பென்சில் செருகியிருந்தது. பொனற்றைத் திறந்து ஒரு வயரைக் கழற்றினார். சத்தம் நின்றது.

பிரதி அதிபர் இறங்கிப் போய் அவரிடம் பேசத் தொடங்கினார். அது எனக்குப் பழகியிருந்தது. கார் என்னுடையது, ஓட்டுவதும் நான். ஆனால் கராஜுகளில் கூட வருகிற ஆணிடம்தான் விசயத்தைச் சொல்வார்கள். தனியாகப் போனால், "வீட்டில அவர ஒருக்கா வரச் சொல்லுங்க" என்பார்கள்.

பாஸ் பிரதி அதிபரிடம் கேட்டார். "யாரு சேர் இதை ஓட்டுறது?"

"டீச்சர்தான்."

"அப்ப அவதானே பாக்கணும்." என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். "வாங்க டீச்சர். குனிஞ்சி பாருங்க. இந்த வயர் உரிஞ்சி இரும்பில முட்டுது பாருங்க, அதான் நிக்காமக் கத்தினது."

"சரி பாஸ், நீங்க சொன்னாச் சரிதானே."

"நான் சொன்னா எப்பிடிச் சரியாகும்? என்ட வாய நம்பாதீங்க டீச்சர். கண்ணால பாருங்க."

குனிந்து பார்த்தேன். செப்புக் கம்பி தெரிந்தது. பதின்மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்கு நிறுவல் எழுதப் பழக்குகிறவள் நான். எனக்கு அந்தச் சொல் பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை.

அதன் பிறகு வயர் வேலைக்கு வேறு இடம் போகவில்லை. லைட் எரியாவிட்டால், அவரே எரியச் செய்துவிட்டு அப்படியே சாவியைத் தர மாட்டார். டோர்ச்சை என் கையில் தந்து, எங்கே அடிக்க வேண்டும் என்று காட்டி, பழுது தெரியும் வரை விட மாட்டார். பொனற்றில் படிந்த தூசியில் விரலால் கோடு கீறி, இதில் இருந்து இதற்கு இப்படிப் போகுது என்று வரைவார். வரைந்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். விளங்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி வரைவார். கழற்றின பழைய சாமானைப் பத்திரிகைத் தாளில் சுற்றி என்னிடமே தருவார். வீட்டில் அந்தப் பொட்டலங்களை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு டின்னில் போட்டு வைத்தேன்.

ஒருநாள் கட்டட வேலை எடுத்துச் செய்கிற ஒரு கொந்தராத்துக்காரர் பெரிய ஜீப்பில் வந்து, பற்றரி செத்துப்போயிற்று, புதிசு ஒன்று போடு என்று நின்றார். பாஸிடம் விற்பதற்குப் பற்றரி இருந்தது. போட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். அவரோ அந்த மனிதரை, வெள்ளைக் காற்சட்டையோடு, ஜீப்புக்குக் கீழே குந்த வைத்தார். "பற்றரி நல்லம் சேர். எர்த் வயர் கறள் பிடிச்சிரிக்கு. இஞ்ச பாருங்க. இல்ல, இன்னும் குனியணும்." கொந்தராத்துக்காரர் முழங்கால் மண்ணோடு எழுந்து போனார். நான் சிரித்தேன், பாஸ் சிரிக்கவில்லை. "ஆள் பாக்கல்லயே, நான் எப்பிடி வேலைய முடிச்ச எண்டு சொல்லுற?" என்றார். அவருக்கு அது பகிடி இல்லை.

இன்னொரு தடவை கொட்டிலில் இருந்து வீதிக்குக் காரைப் பின்னால் எடுக்கிறேன். ஒரு தனியார் பஸ்காரர் தலையை வெளியே போட்டு, பொம்பிளையளுக்கு எதுக்கு இந்த வேலை என்ற மாதிரி ஏதோ சொன்னார். நான் கேட்காதது போல இருந்தேன். பாஸ் வீதி நடுவில் போய் நின்று பஸ்ஸை மறித்தார்.

"அவ மூணு வருசமா ஓட்டுறா. இந்தக் காரில ஒரு கீறல் காட்டுங்க பாப்பம். பிறகு உங்கட பஸ்ஸ நான் ஒருக்கா சுத்திப் பாக்கன்."

பஸ்ஸின் பக்கம் முழுவதும் கீறல். உள்ளே இருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்காளர், குறைவாகப் பேசுகிறவர். "நல்ல மனிசன்தான்" என்றார். அடுத்த வாரமே தன்னுடைய மோட்டார் சைக்கிளையும் அங்கே கொண்டுபோனார். இப்படி அவர் எங்கள் வீட்டுக்கே நம்பிக்கையான ஆள் ஆனார்.

ஒரு விசயத்தை மட்டும் நான் பார்த்தும் பெரிதாக எடுக்கவில்லை. என் காரின் றேடியோ ஒருமுறை பாடாமல் போனது. கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார். போகும்போதும் வரும்போதும் கேட்பேன். "ஒரு சாமான் வரக் கிடக்கு" என்பார். மேசைக்குக் கீழே அது துண்டு துண்டாகக் கிடந்தது, திரும்பப் பூட்டத் தெரியவில்லை என்று எனக்கு விளங்கியது. இரண்டு மாதம் கழித்து ஒரு றேடியோவைப் பூட்டித் தந்தார். பாடியது. ஆனால் அது என்னுடையது இல்லை. என்னுடையதில் ஒரு பொத்தானில் வெள்ளைப் புள்ளி இருந்தது. எங்கேயோ பழையது வாங்கிப் போட்டிருக்கிறார். தன்னால் முடியவில்லை என்ற ஒரு சொல்லைச் சொல்வதைவிட இத்தனை பாடு பட்டிருக்கிறார் என்று நினைத்து, எனக்கு அவர் மேல் பாசம்தான் வந்தது.

மூன்று வருடங்களுக்கு முன், மழைக்காலம் தொடங்குகிற நேரம், காரின் சிக்னல் தானாக விழாமல் போனது. இடது பக்கம் போட்டுத் திரும்பினால், ஸ்டியரிங் நேரானதும் கம்பி தன் பாட்டில் நடுவுக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை. திரும்பி முடிந்த பிறகும் லைட் மின்னிக்கொண்டே இருக்கும். பாஸ் ஸ்டியரிங்கின் மேல் மூடியைக் கழற்றி, என்னை ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்க வைத்து, டோர்ச்சைத் தந்தார்.

"இந்த வளையத்தில ஒரு பல் இரிக்கு பாருங்க. ஸ்டியரிங் திரும்பி வரக்குள்ள அந்தப் பல் வந்து இந்த மூக்கில தட்டணும். தட்டினா சிக்னல் விழும். மூக்கு உடஞ்சிற்று."

அரிசி மணி அளவு பிளாஸ்டிக். அதைச் சுண்டுவிரல் நகத்தின் மேல் வைத்துக் காட்டினார்.

"இதுக்கு என்ன செய்யிற?"

"முழுச் சுவிச்சும் மாத்தணும். பழைய கார், இஞ்ச சாமான் இல்ல. கொழும்பில தேடிப் பாக்கச் சொல்றன். அதுமட்டும் ஒவ்வொரு தரம் திரும்பினாப் பிறகும் கையால விழுத்துங்க. மறந்திராதீங்க டீச்சர், ஆபத்து. பின்னால வாறவனும் முன்னால நிக்கிறவனும் உங்கட லைட்டத்தான் நம்புறான்."

அவர் சொன்னபடியே செய்தேன். கணக்குப் பாடம் மாதிரி எனக்கு நானே பழக்கினேன். திரும்பு, நேராக்கு, கையைக் கொண்டுபோ, விழுத்து. பத்து நாளில் கை தானாகப் போகத் தொடங்கியது. இரண்டு மாதம் ஒரு தடவையும் மறக்கவில்லை. இதை இப்போது எழுதும்போதும் அழுத்திச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

ஒவ்வொரு வாரமும் கேட்டேன். "வாற கிழமை வந்திரும்" என்றார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் காரை விட்டுப் போகச் சொன்னார். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினேன். அன்றைக்கு எனக்குப் பரீட்சை மேற்பார்வை, நேரமாகியிருந்தது. கார் வீதியைப் பார்த்து ஆயத்தமாக நின்றது.

"மாத்திற்றன் டீச்சர். இனி கையால தொட வேணாம். தொட்டுத் தொட்டு விழுத்தினா புதுச் சாமானும் பழுதாப் போயிரும். அதுட பாட்டில விழ விடுங்க."

"பழைய சுவிச்சு எங்க பாஸ்?"

"உங்களுக்கு நேரம் போகுதே. போங்க. நான் பாத்திட்டன்தானே."

போனேன். பாலத்தடியில் திரும்பினேன், சிக்னல் தன் பாட்டில் விழுந்தது. கையைத் தூக்கின நான் திரும்பவும் ஸ்டியரிங்கில் வைத்தேன். அடுத்த நாட்களில் கையை அடக்கினேன். பழகின கையைப் பழக்கம் விடச் செய்வது பழக்குவதைவிடக் கஷ்டம். அதையும் செய்தேன், அவர் சொன்னார் என்று.

பன்னிரண்டாம் நாள் அந்த விபத்து நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன். கண்ணாடியில் மழை அடித்து ஊற்றுகிறது. பாலத்தைக் கடந்து பெரிய வீதியில் இடது பக்கம் திரும்பினேன். கூரையில் விழுந்த மழையின் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. கொஞ்சத் தூரம் போனதும் இடது பக்கம் ஒரு குறுகலான ஒழுங்கை பிரிகிறது. அதன் வாசலில் ஒரு ஸ்கூட்டி நிற்பதைக் கண்டேன். நிற்கிறது, நான் போகலாம் என்று நினைத்தேன். நான் ஒழுங்கைக்குள் திரும்பப் போகிறேன் என்று நினைத்து அது வீதிக்கு ஏறியது. பிரேக் பிடித்தேன். கார் நின்றபோது ஸ்கூட்டி சரிந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு பெரிய துணிப் பொதி அவிழ்ந்து, வெள்ளைச் சீருடைச் சட்டைகள் வீதி முழுவதும் சேற்றில் கிடந்தன. ஒரு பெண் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு மழைக்குள் இருந்தா. கதவைத் திறந்து இறங்கின பிறகுதான் பார்த்தேன், என் காரின் இடது சிக்னல் மின்னிக்கொண்டிருந்தது.

அந்த அக்கா செட்டிபாளையத்தில் தையல்காரி. கணவர் இல்லை, மகள் கலியாணம் முடித்துத் தூரத்தில். புது வருடத்துக்குப் பள்ளிக்கூடங்கள் தொடங்குவதற்கு முந்தின இரண்டு மாதம்தான் அவவுக்கு வருடத்தின் பெரிய உழைப்பு. மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

அடுத்த நாள் காலை பொலிஸுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சிக்னல் பழுதாக இருந்தது, திருத்தினார்கள், திருத்தினது விழவில்லை என்றேன். யார் திருத்தினது என்று கேட்டார்கள். ஆளனுப்பிப் பாஸைக் கூப்பிட்டார்கள். அவர் நீளக் காற்சட்டையும் சேர்ட்டும் போட்டு, தலை வாரி வந்தார். அவரைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. இவர் வந்துவிட்டார், இனி எல்லாவற்றையும் இவர்களுக்குக் காட்டுவார் என்று நினைத்தேன்.

"சிக்னல் பழுதெண்டு வந்த சேர். மாத்திக் குடுத்த நான். இப்ப ஒரு பிழையும் இல்ல" என்றார்.

சார்ஜன் எழுந்து, நிலையத்து முற்றத்தில் என் கார் நின்ற இடத்துக்கு எங்களைக் கூட்டிப் போனார். தூறிக்கொண்டிருந்தது. பாஸ் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். சார்ஜன் கதவடியில் குனிந்து நின்றார். நான் மற்றப் பக்கத்துக் கண்ணாடியால் பார்த்தேன். சிக்னல் போட்டார், ஸ்டியரிங்கைத் திருப்பினார், நேராக்கினார். சிக்னல் விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது. மூன்றாம் தரமும் விழுந்தது.

"கண்ணால பாத்தீங்கதானே சேர்" என்றார்.

"அப்ப நேத்து ஏன் விழல்ல?" என்று சார்ஜன் என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறக்க முதல் பாஸ் சொன்னார். "பொம்பிளையள்தானே சேர். வீதியப் பாக்கிறதுக்குப் பதிலா கண்ணாடியப் பாத்திட்டு, கை தட்டுப்பட்டுத் திரும்பவும் போட்டிருப்பாங்க. போட்டதே தெரியாது."

சார்ஜன் சிரித்தார். பின்னால் நின்ற இரண்டு பொலிஸாரும் சிரித்தார்கள். பாஸ் காரில் இருந்து இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார். என் பக்கம் பார்க்கவில்லை.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று தரம் விழுந்ததை நானே பார்த்தேனே. அன்று முதல் நான் தேடத் தொடங்கினேன், என் கை எப்போது அந்தக் கம்பியில் பட்டது என்று. பஸ்ஸில், வகுப்பில், குளிக்கும்போது, அந்தத் திருப்பத்தை மனதில் ஓட்டிப் பார்ப்பேன். சில வேளை பட்டது போலவே ஞாபகம் வரும். வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன், தண்டத்தோடு முடிந்தது. கணவர் முன்பக்கம் நெளிந்த காரைத் திருத்தி எடுத்து, பிறகு பாஸிடமும் ஒருமுறை காட்டினார். "எல்லாம் சரியெண்டு சொன்னவர்" என்றார். சாவியைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார். பூட்டவில்லை, ஆனால் வைத்தார். "கொஞ்ச நாளைக்கு பஸ்ஸில போ. மனம் ஆறட்டும்." பள்ளிக்கூடத்தில் பிரதி அதிபர் பகிடியாக, "டீச்சர் வீதியால வாறா, எல்லாரும் ஒதுங்குங்க" என்பார். நானும் சிரிப்பேன்.

சனிக்கிழமைகளில் தையல் அக்கா வீட்டுக்குப் போனேன். முதல் நாள் பழங்களோடு போனேன். அவ கட்டுப் போட்ட கையோடு, வெட்டி வைத்த துணிக் குவியலைப் பார்த்துக்கொண்டு இருந்தா. பழத்தை எங்கே வைப்பதென்று எனக்கு வெட்கமாகப் போனது. அடுத்த சனி ஊசியோடு போனேன். மெசின் ஓட்டும் வேலையை அவவின் பழைய மாணவி ஒருத்தி வந்து செய்தாள். பட்டன் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, காஜா எடுப்பது என்னுடைய வேலை. முதலில் வைத்த பட்டன்களை எல்லாம் அவ இடது கையால் இழுத்துப் பார்த்து, "இது பிள்ளையள்ட இழுவைக்குத் தாங்காது டீச்சர்" என்று திருப்பித் தந்தா. ஒவ்வொரு முறையும் புறப்படும்போது, "என்னை மன்னிச்சிக்கொள்ளுங்க அக்கா" என்பேன். அவ தலையை மட்டும் அசைப்பா. அது நியாயம் என்றே நினைத்தேன்.

தைப்பொங்கல் கழிந்து கட்டு வெட்டினார்கள். அந்தச் சனிக்கிழமை, கடைசிச் சட்டையில் இரண்டு பட்டன் மிச்சம். நான் வழக்கம் போலச் சொன்னேன், மன்னிச்சிக்கொள்ளுங்க என்று.

"இனி அதக் கேக்காதீங்க டீச்சர்." அவவின் குரல் வேறு மாதிரி இருந்தது. "எனக்குக் கேட்டுக்கொண்டிரிக்க ஏலாமக் கிடக்கு."

"ஏன் அக்கா?"

"உங்கட பிழை இல்ல. வயரிங் பாஸ் வந்தவர். அடிபட்டு ரெண்டாம் கிழமை. அந்தப் படியில இருந்து அழுதவர். சாமான் மாத்தல்லையாம். உடஞ்ச துண்டப் பசை போட்டு ஒட்டித்தான் தந்தவராம். மழைக்கும் வெயிலுக்கும் விட்டிரிக்கும் எண்டார்."

நான் ஊசியைத் துணியில் குத்தி வைத்தேன். "இல்ல அக்கா. பொலிஸில விழுந்த. மூணு தரம் விழுந்த. நான் பாத்த."

"சுண்டுவிரலால தட்டி விட்டவராம். அவரே சொன்னவர். பிறகு உங்கட வீட்டு ஐயா கார் கொண்டுபோன நேரம், உண்மையாவே வேற சுவிச்சு வாங்கிப் பூட்டினதாம்."

வாசலில் அவவின் ஸ்கூட்டி நின்றது. புது லைட், புது சிக்னல் எல்லாம் போட்டிருந்தது. அதை யார் செய்து கொடுத்தது என்று நான் அதுவரை கேட்கவில்லை.

"நீங்க ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"டீச்சர்ட்ட நானே போய்ச் சொல்லுறன் எண்டவர். அவர் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்த." கட்டு வெட்டின, மெலிந்து வெளுத்த கையைப் பார்த்தபடி சொன்னா. "பிறகு, சொன்னா நீங்க சனிக்கிழமை வர மாட்டீங்க எண்டு பயம் வந்திற்று."

மிச்ச இரண்டு பட்டனையும் வைத்துவிட்டு எழுந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நேரே கொட்டிலுக்குப் போனேன். பாஸ் ஒரு பள்ளிக்கூட வானின் ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாக்கப் படுத்திருந்தார். என் செருப்பைக் கண்டே ஆளைத் தெரிந்துகொண்டார் போல. மெதுவாக வெளியே வந்து எழுந்து நின்றார்.

"அக்கா சொல்லிற்றா" என்றேன்.

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சாமான் கிடைக்கல்ல டீச்சர். ரெண்டு மாசமா வாற கிழமை வாற கிழமை எண்டு உங்களுக்குச் சொல்லி எனக்கு வெக்கமாப் போயிற்று. பசை பிடிக்கும் எண்டு நினைச்ச."

"என்னைக் கையால விழுத்த வேணாம் எண்டு சொன்னீங்களே."

"அடிக்கடி ஆட்டினா பசை விட்டிரும் எண்டுதான்."

ஒரு ஸ்டூல் கிடந்தது, அதில் இருந்தேன்.

"பொலிஸில உண்மையச் சொல்லியிருக்கலாமே பாஸ்."

"எட்டு ஸ்கூல் வான் என்னட்ட வருது. என்ட வேலையால ஆள் அடிபட்ட எண்டு எழுதினா ஒரு வானும் வராது. நீங்க கவுண்மேந்து உத்தியோகம். உங்களுக்குத் தண்டத்தோட போயிரும் எண்டு நினைச்ச."

"சரி. அதுக்கு அந்தச் சொல்ல ஏன் சொன்ன? பொம்பிளையள்தானே எண்டு. வேற யாரும் சொல்லியிருந்தாப் பரவாயில்ல."

இதற்கு மட்டும் அவர் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். பழுது எங்கே என்று காட்டுகிற அதே பொறுமையோடு சொன்னார்.

"சிரிக்க வச்சா அவங்க அதுக்கு மேல கேள்வி கேக்க மாட்டாங்க டீச்சர்."

நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். பொலிஸுக்குப் போக வேண்டாம், ஊருக்குச் சொல்ல வேண்டாம். என் வீட்டுக்கு வந்து, என் கணவரிடம் மட்டும் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் சாக்குச் சொல்வது போல இருக்கும். நீங்கள் சொன்னால் அவர் நம்புவார்.

"ஞாயித்துக்கிழமை வாறன் டீச்சர். கட்டாயம் வாறன்."

வந்தார். பின்னேரம் நான்கு மணிக்கு அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கணவர் வாசலில் பூக்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஆண்கள் இருவரும் தனியாகப் பேசட்டும் என்று நான் குசினிக்குள் போனேன். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். சொல்கிற நேரம் நான் எதிரில் நின்றால் அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று, தண்ணீர் கொதித்த பிறகும் நின்றேன். அந்த நிலையிலும் அவருடைய கஷ்டத்தைத்தான் யோசித்திருக்கிறேன். வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்புச் சத்தம். முதலில் அவருடையது, பிறகு என் கணவருடையது.

மூன்று கோப்பையோடு வெளியே வந்தபோது கணவர் மட்டும் நின்றார்.

"எங்க பாஸ்?"

"போயிற்றார். கட்டாருக்குப் போறாராம், மச்சான்ட கராஜுக்கு. புதன்கிழமை பயணம். சொல்லிற்றுப் போகத்தான் வந்தவர். நல்ல மனிசன், இவ்வளவு தூரம் வந்து சொல்லணும் எண்டில்லையே."

"வேற ஒண்டும் சொல்லல்லயா?"

"சொன்னவர்." கணவர் கோப்பையை எடுத்தார். "டீச்சரக் கவனமா ஓட்டச் சொல்லுங்க எண்டார்."

நான் தட்டத்தை மதிலில் வைத்தேன். அந்த இடத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பசையை, சுண்டுவிரலை, அக்காவின் வீட்டுப் படியில் அவர் அழுததை, சனிக்கிழமை கொட்டிலில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் சொன்னேன். சொல்லி முடித்ததும், "அவர் அப்பிடிச் செய்யிற ஆளில்லையே" என்றார் கணவர். என்னை மறுத்துச் சொல்லவில்லை, தன்னையே கேட்பது போலத்தான் சொன்னார். ஆனால் ஆறு வருடம் அந்த மனிதரைப் பற்றி நல்லது சொல்லி அவருக்கு அந்த நம்பிக்கையை ஊட்டியதே நான்தான்.

தேத்தண்ணி ஆறிப்போனது. இருட்டுகிற நேரம் அவர் உள்ளே போய், லாச்சியில் இருந்து சாவியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். நம்பி வைத்தாரா, நான் அழுததால் வைத்தாரா என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அக்காவிடம் மூன்று சனிக்கிழமை போகாமல் இருந்தேன். நாலாவது சனி போனேன். அவ கதவைத் திறந்து என்னைக் கட்டிக்கொண்டா. அவவிடம் எனக்குக் கோபம் நிற்கவில்லை.

பாஸ் இப்போதும் கட்டாரில்தான். நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. செட்டிபாளையத்துக் கொட்டிலில் இப்போது ரயர் விற்கிறார்கள். வீதியில் வாகனம் வைத்திருக்கிற யாருடன் பேசினாலும், லைட், சிக்னல் என்று பேச்சு வந்தால், அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மாட்டார்கள். அப்படி ஒரு நேர்மையான மனிதரை இந்தப் பக்கம் இனிக் காண முடியாது என்பார்கள். "உங்களுக்கும் அவர்தானே டீச்சர் செய்த?" என்று என்னையும் கேட்பார்கள்.

அவர்தான் செய்தது என்பேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.